கையெழுத்துப் போட மாட்டேன்

பொண்டாட்டி கேக்கா, ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடுக்க வேண்டியதுதானேன்னு சுலபமாச் சொல்லிட்டீங்க தம்பி. உங்க மேல தப்பில்ல. ஈரோட்டுல துணி ஏவாரம் பாக்குதவரு, குடும்பத்தோட மலேசியாவுக்கு, லங்காவித் தீவு சுத்திப் பாக்க வந்தவரு. ஃபெர்ரியில பக்கத்து சீட்டுல ஒரு தமிழ் முகம் தெரியுதேன்னு பேச்சுக் குடுத்தீங்க, என் கையில இருந்த நோட்டைப் பாத்தீங்க, கேட்டீங்க. அக்கரை போய்ச் சேர ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, போடணுமா வேண்டாமான்னு.

நான் ரெமிஜியுஸ் மச்சாது. தூத்துக்குடி. முப்பத்திநாலு வருஷம் சரக்குக் கப்பல்ல இருந்தேன், அதுல கடைசிப் பதினாறு வருஷம் சீஃப் இன்ஜினியர். கப்பல்ல என்னைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல, சீஃப்னுதான் கூப்பிடுவான். கேப்டனே சீஃப்னுதான் கூப்பிடுவான். என்னது? உங்க வீட்டம்மா தூங்குதாங்களா? சரி, மெதுவாப் பேசுதேன். மெதுவாத்தான் பேசுதேன் தம்பி, இதுதான் எனக்கு மெதுவு. இன்ஜின் ரூம்ல கத்திக் கத்திப் பேசின தொண்டை.

ரிட்டயர் ஆன உடனே லங்காவியில ஒரு பாய்மரப் படகு வாங்கினேன். முப்பத்தேழு அடி. ஒரு வயசான டச்சுக்காரன் வித்தான். வீட்டுல உக்காந்து டிவி பாக்குற ஆளு நான் இல்ல. படகுலயே குடியிருக்கிறது, சீசன் பாத்து ஊர் ஊராப் போறது, இதுதான் திட்டம். ஹில்டாவையும் கூட்டிக்கிட்டு வந்தேன். ஹில்டாதான் என் சம்சாரம். கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷம். வர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லல. இப்பச் சொல்லுதா பாருங்க.

படகு வாழ்க்கைன்னா நீங்க என்ன நினைப்பீங்கன்னு தெரியும். காலை நீட்டி உக்காந்து சூரியன் விழுறதப் பாத்துக்கிட்டே டீ குடிக்கிறது. மண்ணாங்கட்டி. முப்பத்தேழு அடிக்குள்ள இன்ஜின், பேட்டரி, ஃபிரிட்ஜ், அடுப்பு, கக்கூஸ், நாலு பம்பு, நங்கூரம் தூக்குற மோட்டார், எல்லாம் கிடக்கு. எல்லாத்தையும் உப்புக் காத்து தின்னுக்கிட்டே இருக்கும். இன்னைக்கு ஒண்ணு நிக்கும், அதைச் சரி பண்ணிட்டு நிமிந்தா இன்னொண்ணு நிக்கும். ஆனா எங்கிட்ட முறை இருக்கு. கப்பல் முறை. ஓடுதோ ஓடலையோ, தேதி வந்துச்சுன்னா திறந்துரணும். கழட்டி, கழுவி, புது உருப்படி போட்டு மூடணும். ஓவர்ஹால். நின்னதுக்கப்புறம் திறக்குறவன் மெக்கானிக்கு. நிக்குறதுக்கு முன்னால திறக்குறவன் இன்ஜினியர்.

ஹில்டாவுக்கு இது ஏறவே இல்ல. "நல்லா ஓடுறத எதுக்குங்க திறக்கீங்க?"ன்னு கேப்பா. ஒரு தடவை, ரெண்டு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும். கக்கூஸ் பம்பைத் திறந்தா கேப்பா. ஃபிரிட்ஜைத் திறந்தா கேப்பா. எங்கிட்ட கேள்வி கேட்ட தேர்ட் இன்ஜினியரை நான் அடுத்த துறைமுகத்துல இறக்கி விட்டிருக்கேன் தம்பி. பொண்டாட்டிய அப்படி இறக்க முடியுமா?

அதனால அட்டை மாட்டினேன். வேலை நடக்குற மெஷின்ல நாங்க ஒரு அட்டை தொங்க விடுவோம். 'வேலை நடக்கிறது, தொடாதே'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தொங்க விட்டா, கப்பலே முழுகினாலும் வேற ஒருத்தன் அதைத் தொடக் கூடாது. மாட்டினவன்தான் கழட்டணும். அது உயிர் விஷயம். ஒரு நாள் கக்கூஸ்ல அட்டை தொங்குது, இவ பாட்டுக்கு உள்ளே கையை விட்டு என்னமோ செஞ்சுக்கிட்டு இருக்கா. நான் போட்ட சத்தத்துல பக்கத்துப் படகுக்காரன் எல்லாம் வெளியே வந்து பாத்தான். "ஏட்டி, உனக்குக் கண்ணு தெரியலையா, அட்டை தொங்குறது தெரியலையா, இனிமே அட்டை இருக்குற எதுலயாவது கை வச்ச, கையை ஒடச்சுருவேன்"ன்னேன். அதுக்கப்புறம் தொட்டதில்ல. அந்த விஷயத்துல நல்ல மாதிரி.

ஒண்ணு சொல்லணும், நேர்மையாச் சொல்லுதேன். அவ மெஷின் தெரியாம வளந்தவ. தூத்துக்குடியில எங்க வீடு இருக்கு, ரெண்டு மாடி. போர் மோட்டார், இன்வெர்ட்டர், மாடித் தொட்டி, கழிவுத் தொட்டி, எல்லாம் உண்டு. ஒன்பது மாசம் கடல்ல இருந்துட்டு மூணு மாசம் லீவுக்கு வருவேன், வீட்டுல ஒரு ரிப்பேர் இருக்காது. முப்பது வருஷமா ஒரு தடவை கூட மோட்டார் ஓடலைன்னு நான் கேள்விப்பட்டதில்ல. அவ்வளவு நல்ல வீடு. கட்டினவன் நல்ல ஆளு. தானா ஓடுற வீட்டுல இருந்து பழகினவளுக்குப் படகோட அருமை எப்படித் தெரியும்?

சரி, விஷயத்துக்கு வாரேன். போன மாசம் தாய்லாந்துப் பக்கம் போனோம். எல்லையத் தாண்டின உடனே சின்னச் சின்னத் தீவா இருக்கும். தீவுன்னா மணல் தீவு இல்ல, சுண்ணாம்புப் பாறை, தண்ணியிலேர்ந்து செங்குத்தா சுவரு மாதிரி நிக்கும். அப்படி ஒரு தீவு ஓரமா நங்கூரம் போட்டுத் தங்கியிருந்தோம். காலையில கிளம்பணும். நான் டைரியப் பாத்தேன், இன்ஜினுக்குக் கடல் தண்ணி இழுக்குற பம்புக்குத் தேதி வந்திருச்சு. அம்பது மணி நேரம் ஓடியாச்சு.

அந்தப் பம்புக்குள்ள ஒரு ரப்பர்ச் சக்கரம் இருக்கும் தம்பி. உள்ளங்கை அளவு. ஆறு இதழ். அது சுத்தித்தான் கடல் தண்ணியை இழுத்து இன்ஜினைக் குளிர வைக்கும். தண்ணி வராமச் சுத்தினா பத்தே நிமிஷத்துல இதழெல்லாம் பிஞ்சு போயிரும், இன்ஜின் கொதிச்சிரும். அதான் நான் அம்பது மணிக்கு ஒருக்க மாத்துதேன். செஞ்ச கம்பெனிக்காரன் வருஷத்துக்கு ஒருக்க போதும்னு எழுதியிருக்கான். அவன் எழுதுவான், அவனுக்கென்ன.

"நேத்துதானே நல்லாத் தண்ணி துப்புச்சு"ன்னா ஹில்டா. கடல் தண்ணி வால்வை மூடினேன், அட்டை மாட்டினேன், பம்பைத் திறந்தேன். பழைய சக்கரத்தைக் குப்பையில போட்டேன், புதுச் சக்கரத்தைப் போட்டேன், மூடினேன். முப்பது நிமிஷ வேலை. என் கையில இருந்த கடைசிப் புதுச் சக்கரம் அது. முடிச்சுட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டே சத்தம் குடுத்தேன்: "வால்வு ஓபன்!"

இது எங்க வழக்கம். கப்பல்ல சீஃப் வால்வு திறக்க மாட்டான். சீஃப் சொல்லுவான், கீழே இருக்குறவன் திறந்துட்டு, "வால்வு ஓபன், சீஃப்!"னு திருப்பிச் சொல்லுவான். முப்பத்திநாலு வருஷம் அப்படித்தான். நான் சொன்னேன். சொன்னேனா இல்லையா? சொன்னேன். ஹில்டா மேல முன்பக்கம் நங்கூரச் சங்கிலிய இழுத்துக்கிட்டு இருந்தா. சங்கிலிச் சத்தத்துல கேக்கலைங்கா. கேக்காதது என் தப்பா?

இன்ஜினைப் போட்டேன், நங்கூரம் மேல வந்துச்சு, கிளம்பிட்டோம். காத்து சுத்தமா இல்ல, இலை அசையல. ஹில்டா பின்பக்கம் வந்து எட்டிப் பாத்தா. படகுப் பின்னால ஒரு குழாய் இருக்கும், குளிர வச்ச தண்ணி அது வழியாத் துப்பிக்கிட்டே இருக்கணும். "ஏங்க, தண்ணி வரலையே"ன்னா. நான் சொன்னேன், "புது ரப்பர் போட்டிருக்கு, கொஞ்சம் இறுக்கமா இருக்கும், வரும்"னு. "இல்லைங்க, சொட்டுக் கூட வரலை"ன்னா. "நீ உன் வேலையப் பாரு"ன்னேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அலாரம் அடிச்சுச்சு. இன்ஜினை நிப்பாட்டிட்டேன். சரியான முடிவு, ஒரு வினாடி தாமதிக்கல. ஆனா அங்க நீரோட்டம் இருக்கு பாருங்க, படகு தானா அந்தப் பாறைச் சுவரைப் பாத்து நகருது. பாய் விரிக்கலாம்னா காத்து இல்ல. நான் கீழே இறங்கினேன், காரணம் கண்டுபிடிக்க. எந்த இன்ஜினியரா இருந்தாலும் முதல்ல காரணத்தைத்தான் தேடுவான். அதுக்குள்ள மேல தடதடன்னு சத்தம். சங்கிலி ஓடுற சத்தம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நங்கூரத்தை இறக்கிட்டா!

ஆர்டர் இல்லாம! கப்பல்ல ஆர்டர் இல்லாம நங்கூரம் போட்டா என்ன ஆகும் தெரியுமா? விசாரணை வைப்பான். நான் மேல வந்து, "யாரைக் கேட்டுப் போட்ட?"ன்னு கேட்டேன். அவ பாறையக் கையால காட்டினா. சரி, கிட்டதான் இருந்துச்சு, இல்லைங்கல. ஒரு முப்பது நாப்பது அடி. பாறையில ஒட்டியிருந்த சிப்பி எல்லாம் தெரிஞ்சுச்சு. அதுக்காக? கேட்டிருந்தா நானே போடுன்னு சொல்லியிருப்பேன்.

அப்புறம் ரெண்டு பேரும் கீழே வந்தோம். வால்வு மூடித்தான் இருந்துச்சு. அது மேல என் அட்டை தொங்குச்சு. அவ அட்டையப் பாத்தா, என்னையப் பாத்தா. "காலையில காப்பி போடும்போதே பாத்தேன். கிளம்பும்போது ஒருக்க எட்டிப் பாத்தேன், அப்பவும் தொங்குச்சு. நீங்க மாட்டினது, நீங்கதானே கழட்டணும்"ன்னா. குரல் உசத்தல. அதான் எனக்கு ஆத்திரம் வந்துச்சு. பாத்தவ சொல்ல வேண்டாமா? சொன்னா நான் கேக்க மாட்டேன்னு இவளே எப்படி முடிவு பண்ணலாம்?

பம்பைத் திறந்தா ஆறு இதழும் பிஞ்சு கிடக்கு. வேற சக்கரம் இல்ல. நான் தலையில கையை வச்சுட்டேன். அவ எந்திரிச்சுப் போயி கட்டிலுக்கு அடியிலேர்ந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக்கிட்டு வந்தா. உள்ளே அஞ்சு சக்கரம். நான் அம்பது அம்பது மணிக்குக் குப்பையில போட்டதெல்லாம்! அன்னைக்குக் காலையில போட்டது உள்பட! எடுத்துக் கழுவித் துடைச்சு, பவுடர் போட்டு வச்சிருக்கா. "நல்லாத்தானே இருக்கு, தூரப் போட மனசு வரலை"ன்னா. எனக்குத் தெரியாம. என் படகுல, எனக்குத் தெரியாம, அஞ்சு சக்கரம்.

அவளே மாட்டினா. அவ கை சின்னது, உள்ளே போகும், வேற ஒண்ணுமில்ல. பிஞ்ச இதழெல்லாம் குழாய்க்குள்ள போயி அடைச்சிருந்துச்சு, ஒவ்வொண்ணா கொண்டை ஊசியால எடுத்து, ஒரு தட்டுல அடுக்கி, ஆறும் வந்திருச்சான்னு எண்ணிப் பாத்தா. நான் டார்ச் பிடிச்சேன். மேற்பார்வை யாரு பாத்தா? நான்தான் பாத்தேன். முக்கால் மணி நேரத்துல இன்ஜின் ஓடிருச்சு. தண்ணி நல்லாத் துப்புச்சு. வால்வை நான்தான் திறந்தேன், அதையும் சொல்லிருதேன்.

அன்னைக்குச் சாயங்காலம் லாக் எழுதினேன். கப்பல்ல நடக்குற எல்லாத்தையும் ஒரு புத்தகத்துல எழுதி வைக்கணும் தம்பி, அதுதான் லாக். இந்தப் படகுலயும் எழுதுதேன். நடந்ததை அப்படியே எழுதினேன். 'இன்ஜின் அதிகச் சூட்டால் நிறுத்தப்பட்டது. காரணம்: சிப்பந்தி கடல் தண்ணி வால்வைத் திறக்கவில்லை. சீஃப் இன்ஜினியரால் சரிசெய்யப்பட்டது.' மூணே வரி. ஒரு கெட்ட வார்த்தை இல்ல, கோபம் இல்ல. லாக்ல கோபம் காட்டக் கூடாது.

ஹில்டா அதைப் படிச்சிருக்கா. படிச்சதை எங்கிட்ட சொல்லல. மீன் பொரிச்சா, சாப்பிட்டோம். ரெண்டு நாள்ல லங்காவி வந்து சேந்தோம். கயிறு கட்டின உடனே கேட்டா, "சிப்பந்தின்னா யாருங்க?"ன்னு. "நம்ம ரெண்டு பேர்ல நான் சீஃப், அப்பச் சிப்பந்தி யாரு?"ன்னேன். "சரி"ன்னா.

மறுநாள் காலையில காப்பியக் குடுத்துட்டு இன்னொண்ணு கேட்டா. "ஒரு சிப்பந்தி கப்பலை விட்டு இறங்கணும்னா அதுக்கு என்ன முறை?"ன்னு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா தம்பி! ஒண்ணரை வருஷத்துல முதல் தடவையா முறையா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும்னு கேக்கா. அரை மணி நேரம் விளக்கினேன். இறங்குறவன் ஒவ்வொரு மெஷினைப் பத்தியும் ஒப்படைப்புக் குறிப்பு எழுதணும், எது எப்படி ஓடுது, எங்க கோளாறு, எதுல கவனமா இருக்கணும்னு. பொறுப்பு எடுத்துக்கிறவன் படிச்சுப் பாத்து, 'படித்துப் புரிந்துகொண்டேன்'னு அடியில கையெழுத்துப் போடணும். அவன் போட்டாத்தான் இவன் இறங்க முடியும். அதுவரைக்கும் இவன் பொறுப்புதான். எல்லாம் சொன்னேன். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டா. அவ அவ்வளவு கவனமா நான் பேசுறதக் கேட்டு எனக்கு ஞாபகமே இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு இந்த நோட்டு மேஜையில இருக்கு. பக்கத்துல அவ பெட்டி.

பாருங்க, பதினோரு பக்கம். படிக்கேன், கேளுங்க. நீங்களே சொல்லுங்க ஒரு சீஃப் இன்ஜினியருக்கு எழுதுற எழுத்தா இதுன்னு. 'கக்கூஸ் பம்பு: சனிக்கிழமைதோறும் ரெண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஊற்றவும். திறக்க வேண்டாம். நீங்கள் திறந்த நாலு தடவையும் மறுநாள் ஒழுகியது. நீங்கள் சாமான் வாங்கப் போன சமயம் நான் சரி செய்தேன்.' கேட்டீங்களா? நாலு தடவையும் நான் சரி பண்ணினதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்! சமையல் எண்ணெயை மெஷின்ல ஊத்துறவ எனக்குச் சொல்லித் தாரா.

இது இன்னொண்ணு. 'பேட்டரி மீட்டர்: ஜூன் மாதத்திலிருந்து தப்பாகக் காட்டுகிறது. அதை நம்ப வேண்டாம். சமையல் மேடை விளக்கு மங்கினால் இன்ஜினைப் போடவும்.' ஜூன் மாசத்திலேர்ந்து நான் தினமும் ரெண்டு வேளை அந்த மீட்டரைப் பாத்து லாக்ல எழுதுதேன் தம்பி. இவ பாத்துக்கிட்டே இருந்திருக்கா. ஒரு தடவை சொல்லலாம்ல? அதுக்கும் அடியில எழுதியிருக்கா: 'சொன்னேன். நீங்கள் அட்டை மாட்டிவிட்டீர்கள்.'

இது பாருங்க, இதுதான் எனக்குத் தாங்கல. படகுக்கு அடியில கசியுற தண்ணியை வெளியேத்த ஒரு பம்பு இருக்கு, அதுல ஒரு மிதவை. அதுக்கு எழுதியிருக்கா: 'மிதவையில் முடி சிக்கும். வாரம் ஒருமுறை எடுத்து விடுவேன். என் முடிதான். நான் போன பிறகு சிக்காது.' இது ஒரு டெக்னிக்கல் குறிப்பா? நீங்க சொல்லுங்க. ஒரு ஆளு இதைப் படிச்சுட்டு என்ன செய்யணும்? நான் இப்பவும் வாரா வாரம் அந்த மிதவையத் தூக்கிப் பாக்கேன். ஒண்ணும் இல்ல. மூணு வாரமா ஒண்ணும் இல்ல.

கடைசிப் பக்கத்துல கோடு போட்டு, 'படித்துப் புரிந்துகொண்டேன்'னு எழுதி, அவ கையெழுத்தைப் போட்டு, பக்கத்துல எனக்கு இடம் விட்டிருக்கா.

நான் போடல, அவ பெட்டியத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டா. எங்க போயிருக்கா தெரியுமா? ஊருக்குப் போயிருந்தாக் கூடப் பரவாயில்ல. வேற படகுக்கு! எங்க பக்கத்துல ஒரு நியூசிலாந்துக்காரன் படகு கட்டியிருந்தான், அவனும் அவன் பொண்டாட்டியும். ஒரு நாள் அவன் வந்து, "உங்க படகு இன்ஜினியர் இருக்காங்களா, எங்க ஃபிரிட்ஜ் நின்னு போச்சு"ன்னான். நான் ஸ்பானரை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். "இல்ல, உங்க மனைவி"ன்னான். நாக்குல நரம்பில்லாம! சரி, வெள்ளைக்காரன், சமையல் ருசியா இருக்கும்னு ஏதோ சாக்குச் சொல்லிக் கூப்பிடுதான்னு விட்டுட்டேன். அவங்க இப்ப அக்கரையில ஒரு படகுப் பட்டறையில படகை ஏத்தி அடிப்பெயின்ட் அடிக்காங்க. இவ மூணு வாரமா அங்கதான். நாளைக்குக் காலையில கடல் ஏறுற நேரம் பாத்துப் படகைத் தண்ணியில இறக்கி, நேரா இலங்கைக்கு. அங்க இறங்கித் தூத்துக்குடி போறாளாம். கடல் வழியாத்தான் போவாளாம். சொகுசு.

நேத்து போன் பண்ணினா. மூணு வாரத்துல முதல் போன். எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, ஒண்ணும் இல்ல. "கையெழுத்துப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிருங்க"ன்னா. "போட மாட்டேன். நான் போடாட்டி நீ இறங்கினதா கணக்கே இல்ல, சிப்பந்தி லிஸ்ட்ல நீ இன்னும் என் படகுலதான் இருக்க"ன்னேன். அப்புறம் சொன்னா: "அது எனக்குத் தெரியும். அதான் கேக்கேன். நீங்க அதைப் படிச்சுட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான் உங்களைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரும். இல்லாட்டி அந்தப் படகுல உங்களுக்கு என்ன ஆச்சோன்னு வழியெல்லாம் நினைச்சுக்கிட்டே போவேன்."

திமிரைப் பாத்தீங்களா?

படிச்சேனா இல்லையான்னு கேக்கீங்க. படிச்சேன். நான் எந்தக் கப்பல்ல ஏறினாலும் முன்னால இருந்தவன் எழுதினதைப் படிச்சதே இல்ல. அவன் தெரிஞ்சு என்னத்த எழுதியிருக்கப் போறான்? இதை மட்டும் படிச்சேன். வேற வேலை இல்ல, பொழுது போகல, படிச்சேன். நாலு தடவை படிச்சேன். சனிக்கிழமை எண்ணெய் ஊத்துதேன். விளக்கு மங்கினா இன்ஜின் போடுதேன். எதையும் திறக்கல. மூணு வாரமா அந்தப் படகுல ஒண்ணு கூட நிக்கல தம்பி! ஒரு சொட்டு ஒழுகல! ஒண்ணரை வருஷத்துல இப்படி ஓடினதில்ல. காலையில எந்திரிச்சா செய்யுறதுக்கு ஒரு வேலை கிடையாது. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து சூரியன் விழுறதப் பாக்கேன். எனக்கு வருது பாருங்க கோபம்!

இப்பப் புரியுதா, ஏன் போட மாட்டேன்னு? போட்டா, புரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். புரிஞ்சுபோச்சுன்னா அவ போயிருவா. அவ்வளவுதான். ஒரு கோடு இழுத்தா முப்பத்தொரு வருஷம் முடிஞ்சுது. நான் எதுக்குப் போடணும்?

அதனால இன்னைக்குக் காலையில ஒண்ணு செஞ்சேன். நோட்டைக் கொஞ்சம் பிடிங்க, இந்தப் பையில இருக்கு, காட்டுதேன். இது குடிக்கிற தண்ணி பம்பு. ஆறாம் பக்கத்துல, 'இது தங்கம், கையே வைக்காதீங்க'ன்னு எழுதியிருக்கா. கழட்டிட்டேன். கழட்டி, உள்ளே இருக்குற ரப்பர்த் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால குத்திக் கிழிச்சேன். ஆமா, நானே. நல்லா ஓடிக்கிட்டு இருந்ததை. என் வாழ்க்கையில ஒரு மெஷினை நான் கெடுத்ததில்ல தம்பி. கொண்டு போயி அவ முன்னால வச்சு, "பாரு, நீ எழுதின மாதிரிதான் செஞ்சேன், பம்பு போச்சு, குடிக்கத் தண்ணி இல்ல, வந்து சரி பண்ணு"ன்னு சொல்லப் போறேன். தண்ணி இல்லாம எப்படி விட்டுட்டுப் போவா? போக மாட்டா. அவளைப் பத்தி எனக்குத் தெரியும்.

என்னது? லாக்ல அந்த ஒரு வரியை அடிச்சுட்டா போதாதான்னா கேக்கீங்க? வரியை அடிக்கிறதா? லாக்கை அடிக்கிறதுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அவ அதைக் கேக்கவே இல்ல. ஒரு தடவை கூட, அந்த வரியை மாத்துங்கன்னு அவ வாயிலேர்ந்து வரல. அவளே கேக்காதப்ப உங்களுக்கு எதுக்கு? எழுதினது எழுதினதுதான். நான் வால்வு ஓபன்னு சொன்னேன், அவ திறக்கல. கண்ணால கண்டது. அட்டை தொங்குச்சு, சரி. மாட்டினது நான், சரி. கழட்ட வேண்டியவன்... ஏன் தம்பி இப்படிப் பாக்கீங்க? இந்தப் பம்பைக் கிழிச்சதுக்கா?

மெதுவாப் பேசச் சொல்லாதீங்க. உங்க வீட்டம்மா முழிச்சே இருக்காங்க, பாதியிலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நல்லதாப் போச்சு. அம்மா, நீங்களே பாருங்க, இந்தக் கிழிசலைப் பாருங்க. தேஞ்சு கிழிஞ்ச மாதிரி இருக்கா?

இல்ல. இல்லதான். தேஞ்சு கிழிஞ்சா ஓரத்துல கிழியும், பிசிறு பிசிறா. இது நட்ட நடுவுல, நேரா. துணி ஏவாரிக்கே தெரியுது. அவ கையில வாங்கினா ஒரு நிமிஷம் ஆகாது. கண்ணாடியக் கூடத் தேட மாட்டா, விரலால தடவிப் பாத்தே, "இது தானாக் கிழியலையே"ம்பா. சத்தம் போட மாட்டா. என்னையப் பாத்துக்கிட்டு நிப்பா, அன்னைக்கு அட்டையப் பாத்துட்டு என்னையப் பாத்த மாதிரி. பக்கத்துல அந்த நியூசிலாந்துக்காரன் வேற நிப்பான்.

நிக்கட்டும். யாரு வேணாலும் நிக்கட்டும். "ஆமா, நான்தான் கிழிச்சேன்"ன்னு சொல்லிருவேன். எனக்கென்ன பயமா? ஆனா அதுக்கடுத்த வார்த்தைதான்... முப்பத்திநாலு வருஷத்துல நான் எழுதாத அறிக்கை இல்ல தம்பி. எந்தக் கப்பல்ல என்ன நடந்தாலும் யார் பண்ணின தப்புன்னு பேரோட, நேரத்தோட எழுதியிருக்கேன். என் பேரை அந்த இடத்துல எழுதினதில்ல. எழுத வேண்டி வரல. அது எப்படி ஆரம்பிக்கும்னே எனக்குத் தெரியல.

அந்தா, வேகம் குறைஞ்சிருச்சு. கரை வந்திருச்சு. நீங்க கல்யாணம் ஆனவரு, வீட்டம்மா பக்கத்துல நிம்மதியாத் தூங்குற ஆளு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதல் வார்த்தை என்ன சொல்லுவீங்க? சிரிக்காதீங்க, சொல்லுங்க. அந்த நோட்டைத் தாங்க இங்க, பின்னட்டையில எழுதிக்கிடுதேன். சொல்லுங்கங்கேன்ல, கயிறு போட்டுட்டான், சீக்கிரம் சொல்லுங்க!